லீன் கலவைக்கு ஓர் எச்சரிக்கை மணி: டர்போ எஸ்டீமில் கற்றவை

பெட்ரோல் எஞ்சினுக்குள் போகும் காற்றும் எரிபொருளும் எந்த விகிதத்தில் கலக்கின்றன என்பதை ஓட்டுநரின் காதோ மூக்கோ கண்டறிந்து சொல்வதில்லை. எரிபொருள் கூடிப்போனால் கரும்புகையும் நெடியும் காட்டிக்கொடுத்துவிடும். குறைந்துபோனால், அதாவது மெக்கானிக்குகள் லீன் என்று சொல்லும் நிலை வந்தால், அப்படி எந்த அடையாளமும் கிடைக்காது. முழு ஆக்சிலரேட்டரில் கலவை சற்றே லீன் ஆகும்போது எஞ்சின் முன்பைவிடத் துடிப்பாக இழுப்பதுபோலக்கூடத் தோன்றும். அந்த இழுவையில் ஓட்டுநர் மகிழ்ந்திருக்கும் சில வினாடிகளுக்குள் பிஸ்டனின் தலை உருகத் தொடங்கிவிடலாம் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

என்னிடம் இருப்பது பழைய மாருதி எஸ்டீம். 1298 சி.சி., 16 வால்வு, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது 85 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின். அதில், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் ஒரு சிறிய டர்போ பொருத்தி, 0.5 பார் பூஸ்ட்டில் (வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் டர்போ ஏற்றும் அழுத்தம்), எரிபொருளின் அளவைத் தீர்மானிக்கும், புரோகிராம் செய்யக்கூடிய ஈ.சி.யூ. என்ற கணினிப் பெட்டி வைத்து ஓட்டுகிறேன். கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் மட்டுமே இந்த வண்டி ஓடும். அங்கே டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோகிறேன். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைத்துச் சாலையில் ஓட்டுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது என்பதை, இதே வேலையில் இறங்க நினைப்பவர்கள் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த எஞ்சின் டர்போவுக்கென்று பிறந்ததன்று. ஆகவே கலவை கெட்டால் அது பொறுத்துக்கொள்ளும் இடைவெளி மிகவும் குறைவு. இதே போன்ற எஞ்சின் வைத்திருந்த நண்பர் ஒருவருடைய வண்டியைப் பிரித்தபோது, மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டன் விளிம்பில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்ததையும், உருகிய அலுமினியம் ஸ்பார்க் பிளக்கின் முனையில் சிறு சிறு மணிகளாக ஒட்டியிருந்ததையும் பார்த்தேன். அவருடைய டாஷ்போர்டில் கலவை காட்டும் மீட்டர் இருந்தது. நன்றாக வேலையும் செய்தது. வளைவை விட்டு வெளியே வரும்போது யாரும் மீட்டரைப் பார்ப்பதில்லை. எனக்கு மீட்டர் போதாது, மணி வேண்டும் என்று முடிவு செய்தது அன்றுதான்.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். எத்தனால் கலக்காத பெட்ரோல் ஒரு கிராம் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். அந்தச் சரிநிகர் நிலையை லாம்டா 1 என்கிறோம். சாதாரணமாகச் சீரான வேகத்தில் போகும்போது ஈ.சி.யூ. கலவையை இந்த இடத்தைச் சுற்றியே வைத்திருக்கும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வேலை செய்வதற்கும் அதுதான் தேவை. முழு இழுவைக்கு லாம்டா 0.85 முதல் 0.9 வரை, அதாவது 12.5 முதல் 13.2 வரையிலான விகிதம் பொருந்தும். பூஸ்ட் ஏறியிருக்கும் எஞ்சினுக்கு இன்னும் சற்றுக் கூடுதலான எரிபொருள், 11.5 முதல் 12 வரை, கொடுப்பது வழக்கம். கூடுதலாகச் செல்லும் எரிபொருள் எரிந்து சக்தி தருவதில்லை. ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிச் சிலிண்டருக்குள் இருக்கும் கலவையைக் குளிர்விக்கிறது, நாக்கிங், அதாவது கலவை நேரம் தவறித் தானாக வெடிப்பது, வராமல் தள்ளிவைக்கிறது. பூஸ்ட்டில் இருக்கும்போது விகிதம் 13-ஐத் தாண்டினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். வெளியேறும் புகையின் வெப்பம் ஏறும், நாக்கிங் தொடங்கும், பிறகு பிஸ்டனோ எக்ஸாஸ்ட் வால்வோ போகும்.

ஆக, 14.7 என்ற அதே எண் சீரான ஓட்டத்தில் முற்றிலும் நல்லது, பூஸ்ட்டில் முற்றிலும் கெட்டது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் ஈ.சி.யூ., எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களை மூடிவிடுவதால் எஞ்சினுக்குள் வெறும் காற்று மட்டும் போய்வரும். அப்போது மீட்டர் 20-ஐத் தாண்டிக் காட்டும், அதனால் எந்தக் கேடும் இல்லை. விகிதத்தை மட்டும் பார்த்து ஒலிக்கும் மணியைக் கட்டினால், ஒவ்வொரு வளைவுக்கு முன்னும், ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் அது அலறும். அரை மணி நேரத்தில் ஓட்டுநர் அதன் சுவிட்சை அணைத்துவிடுவார். எச்சரிக்கை மணியைக் கட்டுவதில் பெரும்பகுதி உழைப்பு, தேவையில்லாத நேரத்தில் அதை வாய்மூடி இருக்கச் செய்வதற்கே போகிறது. அது ஒலித்தால் யோசிக்காமல் காலை எடுக்கும் அளவுக்கு நம்பிக்கை வரவேண்டும். அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்காத மணி இருந்தும் பயனில்லை.

முதலில் சென்சார். பாஷ் நிறுவனம் 1976-இல் வோல்வோ கார்களில் அறிமுகப்படுத்திய லாம்டா சென்சாரின் வழிவந்த சாதாரண ஆக்சிஜன் சென்சார்தான் பெரும்பாலான வண்டிகளில் இருக்கிறது. சிர்க்கோனியா பீங்கானின் ஒரு பக்கம் புகையும் மறுபக்கம் வெளிக்காற்றும் படும். இரண்டு பக்கத்து ஆக்சிஜன் அளவு எவ்வளவு வேறுபடுகிறதோ அதற்கேற்ப மின்னழுத்தம் பிறக்கும். லாம்டா 1-ஐக் கடக்கும்போது அது 0.1 வோல்ட்டிலிருந்து 0.9 வோல்ட்டுக்குச் சட்டென்று தாவும். தாவும் இடத்தைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் நமக்கு வேண்டியது 12-க்கும் 13-க்கும் உள்ள வேறுபாடு. அந்தப் பகுதியில் சென்சாரின் வோல்ட்டேஜ் ஒரு வோல்ட்டின் நூறில் சில பங்கு அளவுக்கே மாறும். சென்சார் சூடேறினாலே அதே அளவு மாற்றம் வந்துவிடும். இந்தச் சென்சாரை எல்.எம்.3914 சில்லுடன் இணைத்துப் பத்து எல்.இ.டி. விளக்குகளை வரிசையாக எரியவைக்கும் பழைய சுற்றுகளைப் பலர் கட்டியிருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பூஸ்ட்டில் எஞ்சினைக் காப்பாற்றும் வேலைக்கு அதை நம்ப என்னால் முடியாது.

ஆகையால் விகிதத்தை விரிந்த எல்லைக்குள் எண்ணாகவே அளக்கும் வைட்பேண்ட் சென்சார்தான் வேண்டும். நான் பயன்படுத்துவது பாஷ் எல்.எஸ்.யூ. 4.9. அதற்குள் சிறிய அறை ஒன்று உண்டு. அந்த அறைக்குள் கலவையை எப்போதும் லாம்டா 1-இலேயே நிறுத்தி வைக்க, கட்டுப்பாட்டுப் பெட்டி ஒரு பம்ப் செல் வழியாக ஆக்சிஜனை உள்ளே இழுத்தும் வெளியே தள்ளியும் கொண்டிருக்கும்; அதற்குச் செலவாகும் மின்னோட்டத்தின் அளவிலிருந்து உண்மையான விகிதம் தெரியவரும். பெட்டி அதை 0 முதல் 5 வோல்ட் வரையிலான நேர்க்கோட்டு வெளியீடாக மாற்றித் தருகிறது. என் பெட்டியில் 0 வோல்ட் என்றால் 10, 5 வோல்ட் என்றால் 20. ஒரு வோல்ட்டுக்கு 2 என்ற கணக்கு. வேறு பெட்டிகளுக்கு வேறு அளவுகோல் இருக்கும், அதை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சென்சாரைப் பொருத்தும் இடத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. டர்போவுக்கு முன்னால் வைத்தால் அங்கிருக்கும் அழுத்தமும் வெப்பமும் அளவைத் திரித்துவிடும், சென்சாரும் சீக்கிரம் செத்துவிடும். டர்போவுக்குப் பின்னால் ஏறக்குறைய இரண்டடி தள்ளி, குழாயின் மேற்பாதியில், கடிகாரத்தில் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடைப்பட்ட சாய்வில் வைத்தேன். கீழ்ப்பக்கமாக வைத்தால் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது குழாயில் தேங்கும் நீர் சூடான பீங்கானில் பட்டு அது விரிசல் விட்டுவிடும். 18 மில்லிமீட்டர் மரையுள்ள வளையத்தைக் கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கி வெல்டிங் செய்தேன். சென்சாருக்கு முன்னால் எந்த இணைப்பிலும் புகை கசியக் கூடாது. கசியும் இடத்தில் காற்று உள்ளே புகுந்தால், குறிப்பாக ஐட்லிங்கில், இல்லாத லீனைச் சென்சார் காட்டும். கேஸ்கெட்டுக்குச் சிலிக்கோன் பசை பூசும்போது சென்சாருக்கு ஆகாத வகையைத் தவிர்க்க வேண்டும். ஈயம் கலந்த எரிபொருளும் சென்சாரைக் கொன்றுவிடும். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது என்றாலும், விமானப் பெட்ரோலைக் கலந்து ஓட்டும் பந்தயக்காரர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இனி, எப்போது ஒலிக்க வேண்டும் என்ற கேள்வி. எஞ்சினின் சுமையை அறிய, சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த்தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் எம்.பி.எக்ஸ். 4250 என்ற சென்சாரைத் தனியாகச் சேர்த்தேன். அது 20 முதல் 250 கிலோபாஸ்கல் வரை முழு அழுத்தத்தை, அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து, அளக்கும். 5 வோல்ட்டில் இயங்கும்போது 120 கிலோபாஸ்கலுக்கு 2.2 வோல்ட் தரும். கோவையின் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே 96, 97 கிலோபாஸ்கல்தான் என்பதால், 120-ஐத் தாண்டினால் பூஸ்ட் நிச்சயமாக ஏறியிருக்கிறது என்று பொருள். டர்போ இல்லாத வண்டிக்கு இதைக் கட்டுபவர்கள் அழுத்தத்தை நம்பாமல் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்று காட்டும் த்ராட்டில் பொசிஷன் சென்சாரைப் பயன்படுத்துவது நல்லது. கோவையில் 85 கிலோபாஸ்கல் என்று வைத்த எல்லையை, 2200 மீட்டருக்கு மேல் இருக்கும் உதகையில், ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதித்தாலும் எஞ்சின் எட்டாது; மணி ஊமையாகவே கிடக்கும்.

ஈ.சி.யூ.வில் ஏற்கெனவே ஓர் அழுத்த சென்சார் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று பலர் கேட்டார்கள். கலவை கெடுவதற்கான காரணங்களில் ஈ.சி.யூ.வின் சென்சார் பொய் சொல்வதும் ஒன்று. அதன் குழாயில் ஓட்டை விழுந்து, உண்மையில் 150 இருக்கும்போது 110 என்று அது படித்தால், ஈ.சி.யூ. எரிபொருளைக் குறைத்துவிடும், அதே சென்சாரை நம்பும் எச்சரிக்கை மணியும் சுமை இல்லை என்று நினைத்துப் பேசாமல் இருக்கும். காவல் காப்பவன் திருடனிடம் சாவி வாங்கக் கூடாது. அதே காரணத்தால், இந்த இரண்டாவது சென்சாருக்கான ரப்பர் குழாயை, எரிபொருளின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஃபியூயல் பிரஷர் ரெகுலேட்டரின் குழாயிலிருந்து டீ (T) வடிவ இணைப்பு போட்டுப் பிரிக்காமல், மேனிஃபோல்டில் தனியாக ஒரு முனை போட்டு எடுத்தேன். இந்த முடிவு பின்னால் எஞ்சினைக் காப்பாற்றியது.

சுற்று எளிமையானதுதான். எல்.எம்.393 என்ற சில்லில், இரண்டு வோல்ட்டேஜ்களை ஒப்பிட்டுச் சொல்லும் கம்பேரேட்டர்கள் இரண்டு உள்ளன. முதலாவது, விகிதத்தின் வோல்ட்டேஜை 1.3 வோல்ட்டுடன், அதாவது 12.6 என்ற விகிதத்துடன் ஒப்பிடுகிறது. இரண்டாவது, அழுத்தத்தின் வோல்ட்டேஜை 2.2-உடன் ஒப்பிடுகிறது. இந்தச் சில்லின் வெளியீடுகள் கீழே இழுக்க மட்டுமே தெரிந்தவை; ஆகவே இரண்டையும் ஒன்றாகக் கட்டி, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டுக்கு இழுத்துவிட்டால், கலவை லீனாகவும் இருந்து பூஸ்ட்டும் ஏறியிருந்தால் மட்டுமே அந்தக் கம்பி மேலே எழும். தனியாக ஒரு லாஜிக் சில்லுக்குத் தேவையே இல்லை. எல்லையை ஒட்டியே விகிதம் ஊசலாடும்போது மணி விட்டுவிட்டு ஒலிக்காமலிருக்க, உள்ளீட்டில் 10 கிலோ ஓம், வெளியீட்டிலிருந்து திரும்பி வர 330 கிலோ ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர்கள் போட்டேன். இதனால் 12.6-இல் விழித்த மணி, விகிதம் 12.3 அளவுக்கு இறங்கிய பிறகே ஓயும். ரெசிஸ்டர்களைச் சேர்த்தால் எல்லை இலேசாக நகரும் என்பதால், ஒப்பிடும் வோல்ட்டேஜை டிரிம்பாட் (திருகிச் சரிசெய்யும் ரெசிஸ்டர்) வைத்து மல்டிமீட்டரில் பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். சென்னை ரிச்சி தெருவிலோ ஊரில் உள்ள எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலோ கிடைக்கும் பாகங்கள்தான் எல்லாம். செலவு முழுவதும் வைட்பேண்ட் சென்சாருக்கும் அதன் பெட்டிக்கும்தான்.

அதற்கடுத்தது தாமதம். கியர் மாற்றும்போது காலை எடுத்து மறுபடி மிதித்தால், எக்ஸாஸ்ட் குழாயில் தேங்கிய வெறும் காற்று சென்சாரைக் கடந்து முடியும்வரை அது லீன் என்றே காட்டும். அதற்குள் பூஸ்ட் ஏறிவிடுவதும் உண்டு. இணைத்துக் கட்டிய அந்தக் கம்பிக்கும் பஸ்ஸரை இயக்கும் 2என்7000 மாஸ்ஃபெட் சுவிட்சுக்கும் நடுவே 100 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் 4.7 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரையும் வைத்து, கால் வினாடி அளவுக்குத் தாமதம் கொடுத்தேன். நிலைமை சரியானவுடன் கெபாசிட்டர் உடனே காலியாக, ரெசிஸ்டருக்குக் குறுக்கே ஒரு டயோடு. கால் வினாடி என்பதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. 6000 ஆர்.பி.எம்.மில் அந்த நேரத்துக்குள் கிராங்க் 25 சுற்று சுற்றிவிடும், ஒவ்வொரு சிலிண்டரிலும் 12 முறையாவது எரிப்பு நடந்துவிடும். தாமதத்தை அரை வினாடிக்கு நீட்டினால் பொய் ஒலி அறவே போகும், ஆனால் அது எஞ்சினின் ஆயுளிலிருந்து எடுத்துக் கொடுக்கும் அமைதி.

இவ்வளவையும் கட்டி முடித்த பிறகு என்னை நெடுநேரம் உட்காரவைத்தது எர்த் (மின்னோட்டம் திரும்பிப் போகும் இணைப்பு) விவகாரம். எஞ்சின் ஐட்லிங்கில் ஓடிக்கொண்டிருக்கும், மீட்டர் 14.7-ஐச் சுற்றி ஆடிக்கொண்டிருக்கும்; மணியின் பெட்டிக்குள் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் அதற்குரிய 2.35 வோல்ட் இருக்கும். ரேடியேட்டர் ஃபேனின் ரிலே 'டக்' என்று விழுந்தவுடன் அது 2.25-க்கு இறங்கும், ஃபேன் நின்றால் பழைய இடத்துக்கே திரும்பும். மீட்டரில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. எனக்கு வயரிங் வேலையில் உதவும் எலெக்ட்ரீஷியன் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ஃபேன் ஓடறப்ப மட்டும் இறங்குதுங்க, எர்த்த எங்க குடுத்திருக்கீங்கன்னு பாருங்க" என்றார். வைட்பேண்ட் பெட்டியின் எர்த் எஞ்சின் பிளாக்கிலும், மணியின் எர்த் ஸ்டீயரிங்கின் கீழே பாடியிலும் இருந்தன. ஃபேனின் மின்னோட்டம் பாடி வழியாகத் திரும்பிப் போகும்போது இரண்டு எர்த்துக்கும் நடுவே பத்தில் ஒரு வோல்ட் வித்தியாசம் வருகிறது. என் அளவுகோலில் 0.1 வோல்ட் என்பது 0.2 விகிதம். ஹெட்லைட்டும் எரிந்தால் இன்னும் கூடும். பெட்டியின் சிக்னல் எர்த்திலிருந்தே மணிக்கும் தனிக் கம்பி இழுத்த பிறகு அந்தத் தாவல் மறைந்துவிட்டது. வேறு எதை மறந்தாலும், அளவு எடுக்கும் இடமும் அளவு பிறக்கும் இடமும் ஒரே எர்த்தைப் பகிர வேண்டும் என்பதை இந்த வேலையில் இறங்குபவர் மறக்கக் கூடாது.

மின்சாரம் தருவதற்கு எல்.எம்.2940 என்ற 5 வோல்ட் ரெகுலேட்டரைத் தேர்ந்தெடுத்தேன். 12 வோல்ட் வண்டி என்று நாம் சொன்னாலும் ஆல்டர்னேட்டர் ஓடும்போது அது 14 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பேட்டரி முனை தளர்ந்து ஒரு கணம் தொடர்பு அறுந்தால் பல மடங்கு உயரும். சாதாரண 7805 அதைத் தாங்காது. எல்.எம்.2940 வாகனங்களுக்கென்றே செய்யப்பட்டது, கம்பியைத் தலைகீழாக மாட்டினாலும் பிழைத்துக்கொள்ளும். வெளியீட்டில் 22 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் அது நிலையாக நிற்காது.

எச்சரிக்கைக் கருவி கெட்டுப்போனால் அது எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதைக் கட்டும்போதே தீர்மானித்துவிட வேண்டும். விகிதத்தின் கம்பி அறுந்தால், மிதக்கும் அந்த முனை எந்த வோல்ட்டேஜையும் காட்டலாம். அது சுழியத்துக்கு இறங்கினால் கலவை நன்றாக இருக்கிறது என்று மணி நம்பிவிடும். அதனால் அந்த உள்ளீட்டை 100 கிலோ ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு இழுத்து வைத்தேன். கம்பி அறுந்தால் லீன் என்றே பொருள்படும், பூஸ்ட் ஏறியவுடன் மணி கத்தும். இதுவே சோதனைக்கும் வழியாயிற்று. டிராக்குக்குப் போகும் ஒவ்வொரு காலையிலும் விகிதக் கம்பியின் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு, அழுத்த சென்சாரின் குழாயை மருந்துக்கடையில் வாங்கிய ஊசியில்லாத சிரிஞ்சில் மாட்டி, கட்டைவிரலால் மெதுவாக அழுத்துகிறேன். கால்பங்கு காற்று அமுங்கும் நிலையில் எதிர்ப்பு விரலில் தெரியும்போதே பஸ்ஸர் ஒலித்து விளக்கு எரிந்தால் மணி தயார். ஆக்சிஜன் சென்சாரை மட்டும் ஓடும்போதுதான் சோதிக்க முடியும்: மூன்றாவது கியரில் 3000 ஆர்.பி.எம்.மில் காலை முழுதாக எடுத்தால் மீட்டர் சட்டென்று உச்சிக்குப் போக வேண்டும். அது தயங்கித் தயங்கி ஏறினால் சென்சார் கிழடாகிவிட்டது, மாற்ற வேண்டும்.

ஹெல்மெட்டுக்குள் பஸ்ஸரின் சத்தம் பாதிதான் கேட்கும் என்பதால் விளக்கும் வேண்டும், அதுவும் டாஷ்போர்டில் அல்ல, முன்கண்ணாடியின் அடிவிளிம்பில், பார்வை நேராகப் போகும் இடத்தில். ஒரு பெரிய சிவப்பு எல்.இ.டி. போதும். அது எரிந்தால் காலை எடுப்பது ஒன்றே செய்ய வேண்டிய வேலை. என்ன காரணம் என்பதைப் பிட்டில் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அப்படி ஒரு நாள் நேர்ப்பாதையில் மூன்றாம் கியரில் மிதித்தபோது அது எரிந்தது. காலை எடுத்து, மெதுவாகப் பிட்டுக்குள் வந்து விகிதத்தின் பதிவைப் பார்த்தால், வழக்கமாக 12.0 இருக்கும் இடத்தில் 13.1 இருந்தது. பானெட்டைத் திறந்தபோது ஃபியூயல் பிரஷர் ரெகுலேட்டரின் சிறிய குழாய் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது; வெப்பத்தில் அதன் வாய் கெட்டித்து விரிந்திருந்தது. கணக்கும் அப்படியே பொருந்துகிறது. ரெகுலேட்டரின் வேலை, மேனிஃபோல்டில் அழுத்தம் எவ்வளவு ஏறினாலும் இன்ஜெக்டரின் இருபுறமும் 3 பார் வேறுபாடு இருக்கும்படி பார்த்துக்கொள்வது. குழாய் கழன்றால் அது வெளிக்காற்றை மேனிஃபோல்டு என்று நினைத்துக்கொள்ளும், 0.5 பார் பூஸ்ட்டில் உண்மையான வேறுபாடு 2.5 பாராகக் குறையும். எரிபொருளின் ஓட்டம் அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், 9 விழுக்காடு எரிபொருள் குறைந்து 12.0 என்பது 13.1 ஆகும். பூஸ்ட் இல்லாத நேரத்தில் வண்டி ஏறக்குறைய வழக்கம்போலவே ஓடும், ஓட்டுபவருக்கு ஐயமே வராது. மணியின் அழுத்தக் குழாயை அந்தக் குழாயிலிருந்தே பிரித்திருந்தால் இரண்டும் சேர்ந்து கழன்றிருக்கும், விளக்கும் எரிந்திருக்காது. அதன்பின் எல்லாச் சிறு குழாய்களுக்கும் கிளாம்ப் போட்டுவிட்டேன்.

வேறொரு முறை அது ஒலித்த காரணம் வண்டியிலேயே இல்லை. பூஸ்ட் உச்சத்தில் விட்டுவிட்டு விளக்கு மினுங்கியது, பதிவில் 12.5, 12.6. குழாய்கள் சரி, பம்பின் அழுத்தம் சரி, ஃபில்டர் புதியது. சீரான ஓட்டத்தில் ஈ.சி.யூ. தானாகச் செய்யும் திருத்தத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது: எல்லா இடத்திலும் 4 விழுக்காடு எரிபொருளைக் கூட்டிக்கொண்டிருந்தது. எந்த நிலையில் எவ்வளவு எரிபொருள் என்று ஈ.சி.யூ.வுக்குச் சொல்லும் மேப்பை நான் எழுதியது 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில். இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு கலந்தது. எத்தனாலுக்குத் தேவையான காற்று 9 பங்குதான் என்பதால், இ10 பெட்ரோலின் சரிநிகர் விகிதம் 14.1 என்றால் இ20-க்கு அது 13.5. ஒரே அளவு எரிபொருளைத் தெளித்தால் கலவை 4 விழுக்காட்டுக்கு மேல் லீன் ஆகும். சீரான ஓட்டத்தில் ஈ.சி.யூ. திருத்திக்கொள்கிறது, என் ஈ.சி.யூ.வில் முழு ஆக்சிலரேட்டரில் அந்தத் திருத்தம் கிடையாது. மேப்பின் பூஸ்ட் பகுதி முழுவதிலும் எரிபொருளை 5 விழுக்காடு கூட்டியபின் எண் 12-க்குத் திரும்பியது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மீட்டர் உண்மையில் லாம்டாவைத்தான் அளக்கிறது, அதை 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. ஆகவே எத்தனால் எவ்வளவு கலந்தாலும் மணியின் எல்லையை மாற்ற வேண்டியதில்லை, மேப்பைத்தான் மாற்ற வேண்டும். பழைய மேப்புடன் ஓடும் டர்போ வண்டிக்காரர்கள் இதை உடனே சோதித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது நீண்ட வளைவின் முடிவில் வந்த ஒலிகளும் உண்டு. பக்கவாட்டு விசையில் பெட்ரோல் ஒதுங்கிப் பம்ப் காற்றை உறிஞ்சியதுதான் காரணம். டேங்கை எப்போதும் பாதிக்கு மேல் வைத்துக்கொண்டு ஓடினேன். பிறகு, பம்புக்கு எப்போதும் பெட்ரோல் கிடைக்கும்படி சேர்த்து வைக்கும் ஒரு சிறிய சர்ஜ் டேங்க் பொருத்தினேன், அந்தத் தொல்லை தீர்ந்தது.

இந்த மணியால் பிடிக்க முடியாத ஒன்று இருக்கிறது, அதற்குத் தனியாகக் கவனம் கொடுத்தே ஆக வேண்டும். ஒரே சென்சார் நான்கு சிலிண்டர்களின் புகையையும் கலந்தே முகர்கிறது. மூன்று சிலிண்டர்கள் லாம்டா 0.82-இல் நன்றாக எரிந்து, இன்ஜெக்டர் அடைத்த நான்காவது மட்டும் லாம்டா 1-க்குப் போனால், அந்த ஒரு பிஸ்டன் பூஸ்ட்டில் சாவின் விளிம்பில் நிற்கும். சென்சார் காட்டும் சராசரியோ 0.86, அதாவது 12.6. என் எல்லை சரியாக அங்கே நிற்பதற்கு இதுதான் காரணம். 13 என்று தாராளமாக வைத்திருந்தால் இந்த நிலையில் மணி கடைசிவரை ஒலிக்காது. அந்த எல்லையிலும் ஒலிக்கலாம், ஒலிக்காமலும் போகலாம் என்பதால் மணியை மட்டும் நம்பி இருப்பதில்லை. சீசன் தொடங்குவதற்கு முன் நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றி, சுத்தம் செய்து, ஃப்ளோ பெஞ்சில் ஒரே நேரத்துக்கு நான்கும் எவ்வளவு ஊற்றுகின்றன என்று அளந்து பார்க்கிறேன். டிராக்கில் முழு இழுவையில் ஓடி, அப்படியே எஞ்சினை அணைத்து வந்து, நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்து ஒப்பிடுவதும் உண்டு. மற்ற மூன்றும் ஒரே நிறத்தில் இருக்க ஒன்று மட்டும் வெளுத்து, அதன் பீங்கானில் மின்னும் பொடிகள் தெரிந்தால், அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டரைச் சரிபார்த்து முடிக்கும்வரை வண்டி டிரெய்லரில்தான் நிற்கும்.